டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

ஆண்டாள் தோன்றிய பெருமையுடையது திருவில்லிப்புத்தூர். அதன் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பஞ்சாலைகள் மல்கிய இராசபாளையம் அமைந்துள்ளது. இவ்விரண்டு ஊர்ப் பள்ளிகளிலும் அறிவியல் பயிலும் மாணவியர் இன்று பலர். அவருள் ஒருத்தி அணு மருத்துவத் தொழில்நுட்பர் ஆக விரும்பலாம். கதிர் வீசும் மருந்தைச் சிறிதளவு உடலுட் செலுத்தி, நோய் உறையும் இடத்தைப் படமாக்கிக் காட்டுவது அப்பணி. பெண்ணுக்கு இக்கல்வி ஏன் என்று கூறி அவளுக்கு வாயிலை அடைப்பார் இன்று இலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ நிலைமை வேறாக இருந்தது. அந்நிலையைத் தம் கல்வியால் மாற்றியவருள் தலைசிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30 ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள், அக்காலச் சமுதாயம் மதியாது ஒதுக்கிய ஒரு மரபில் வந்தவர். பருவமெய்திய பெண்கள் பள்ளி செல்லாத காலம் அது. ஆதலின் அம்மையார் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆடவர் பயிலும் இடத்தில் ஒரு பெண் அமர்வது தகாது என்றனர் சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். மன்னர் திறந்த வாயிலில் நுழைந்த அம்மையார், அதனுள் நிலைபெறுவதற்குத் தம் உழைப்பையே துணைக் கொண்டார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் பட்டம் பெற்று மருத்துவரானார்.

அம்மையாரின் பொதுத் தொண்டு பரந்தது. 1926 இல் சென்னைச் சட்ட மன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க இடைவிடாது போராடினார். 1947 இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார்.

எனினும் அவர் நெஞ்சில் ஒரு துயரம் ஆறாப் புண்ணாய் இருந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் இளமையிலேயே மாண்டார். நோய் இன்னதென்று தொடக்கத்தில் கண்டறியப்படவில்லை. கண்டறிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம், பிறருக்கேனும் உதவ வேண்டும் என்னும் உறுதியாக மாறியது. அம்மையார் பல்லாண்டுகள் முயன்று பொருள் திரட்டினார். 1952 இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்ட, 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. புற்றுநோய் மருத்துவம் கற்ற அவருடைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் பணியேற்ற டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். அறுவை மருத்துவத்தோடு கதிரியக்க மருத்துவமும் அங்குச் சிறந்தது.

கதிரியக்கம் தீயைப் போன்றது. அடுப்பில் எரிந்தால் உணவாக்கும். கூரையில் பற்றினால் குடியை அழிக்கும். ஆதலின் அதனைக் கையாள்வோர் தக்க கல்வி பெற்றிருத்தல் வேண்டும். மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைக் கற்று, அணு மருத்துவத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் பெறுதல் ஒரு வழி. அறிவியலில் பட்டம் பெற்றபின் இத்துறையில் முதுநிலைப் பட்டயம் பெறுதல் மற்றொரு வழி. மருத்துவமனைப் பயிற்சியும் இன்றியமையாதது. இத்தகைய பணியாளர் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளை, 1983 இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரையறுக்கின்றது.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என ஐயுறல் வேண்டா. நோயின் படம் எடுக்கப் பயன்படும் டெக்னீசியம் 99எம் என்னும் பொருளின் கதிர்வீச்சு ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். தொண்டைக் கழலை நோய்க்கு உதவும் அயோடின் 131 இன் கதிர்வீச்சு பாதியாக எட்டு நாள் ஆகும். காலையில் அளந்த அளவு மாலையில் இராது. கணக்கிற் பிழை நேரின் படம் தெளியாது. படம் தெளியாவிடின் நோய் மறைந்தே இருக்கும். மறைந்திருக்கும் நோய் என் செய்யும் என்பதை அம்மையாரின் தங்கை வரலாறே காட்டும். தொழில்நுட்பர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். கதிர்ப் பொருளிலிருந்து இரு மடங்கு விலகினால் தம்மேல் படும் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதை அவர் அறிவார். தம்மேல் பட்ட கதிரின் அளவைக் காட்டும் சிறு வில்லையை மார்பில் அணிந்தே பணியாற்றுவார்.

அம்மையாருக்கு 1956 இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1968 ஜூலை 22 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் நட்ட செடி இன்று பெருமரமாகி நிற்கின்றது. தமிழகத்தின் தென்கோடி ஊர்களிலிருந்தும் ஏழை எளியோர் அதன் நிழலை நாடி வருகின்றனர்.

மாணவ மாணவியரே! பிறப்பாலோ பிறர் தயவாலோ வருவதன்று தகுதி; அஃது அயராத கல்வியால் வருவது. நோயுற்ற ஒருவர் தம் உயிரை அறிமுகமற்ற ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கின்றார். அந்நம்பிக்கைக்கு உரியவராகத் தம்மை ஆக்கிக்கொள்வதே தகுதியின் பொருள். முத்துலட்சுமி அம்மையார் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.