ஆமூர்க் களத்தில் ஒரு சோழன்: போர்வைக்கோப்பெருநற்கிள்ளியின் வாழ்வு

சங்க கால வேந்தர் பலர் யானைப் போராலும் எயில் முற்றுகையாலும் பாடப்பெற்றனர். உடலோடு உடல் பொருத மற்போர் ஒன்றினாலேயே பெயர் நிலைபெற்ற அரச குடியினன் சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி. இவனைப் பற்றிய செய்திகள் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களில் அடங்கிவிடுகின்றன. முன் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. 1894-இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்ததன் பின்னரே இவ்வரசிளங்குமரன் கற்றோர் உலகிற்கு மீண்டும் அறிமுகமானான்.

இவன் தந்தை உறையூரை ஆண்ட தித்தன் என்பது உரையாசிரியர் கொள்கை. தித்தனது நெல்வளமும் அவன் மகள் ஐயையும் அகநானூற்றின் 6ஆம் பாடலில் இடம்பெறுகின்றனர். அத்தகைய வளமனையின் மைந்தன் வேற்றூரில் கூழுண்டு வாழ்ந்தான் என்பதே இவன் வரலாற்றின் முதற்புதிர். தந்தைக்கும் மகனுக்கும் மனவேறுபாடு நிகழ்ந்தது என்பதற்கு நேரடிச் சான்று ஏதுமில்லை. மகனின் வெற்றியை உவந்தாலும் உவவாவிட்டாலும் தித்தன் ஒருமுறை கண்டிருக்க வேண்டும் எனச் சாத்தந்தையார் விழைந்த விழைவு ஒன்றே கருத்துக்கு அடிப்படை. பிற்கால வரலாற்று நூல்கள் சில இதனைக் கொண்டு நாடு கடத்தல், அரசுரிமைப் பூசல் என விரித்தெழுதியமை மிகை. பாடல் தருவது ஒரு தந்தையின் ஒப்புதல் கிட்டாத நிலையை மட்டுமே.

பொருத இடம் ஆமூர். இப்பெயரில் இரண்டு ஊர்கள் சங்க நூல்களில் பேசப்படுகின்றன. ஒன்று, சிறுபாணாற்றுப்படை காட்டும் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் ஆமூர். எயிற்பட்டினம், கிடங்கில் முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது அது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் ஆய்வாளர் கொள்வர். ஆதலின் வில்லியனூர், பாகூர்ப் பகுதியினர் இம்மற்போரைத் தம் அண்டை நிலத்து நிகழ்ச்சியாகக் கருத இடமுண்டு, கருதுவாரும் உளர். எனினும் புறநானூற்று அடிக்குறிப்பு முக்காவல் நாட்டு ஆமூர் எனத் தெளிவாக வரையறுக்கிறது. நாட்டுப் பெயரையே விட்டுவிட்டு ஊர்ப்பெயர் ஒற்றுமை ஒன்றைக் கொண்டு இடம் துணிதல் பொருந்தாது. ஊர்ப்பற்று ஆய்வில் நுழையும் வாயில்களுள் இது ஒன்று.

ஆயினும் இக்கடற்கரைக்கும் மற்போருக்கும் தொடர்பில்லை என்பதன்று. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைக் காட்டுமிடத்து, இறாலைச் சுட்டுத் தின்று, ஆமை இறைச்சியை வேகவைத்துண்டு, அடும்பும் ஆம்பலும் சூடி, முதிய மரத்தடியில் அகன்ற மணல்மேட்டில் திரண்டு, கையாலும் படையாலும் மெய்யுறப் பொரும் மக்களைக் காண்கிறோம். மணற்களம் ஊர்ப்பொதுமக்களின் களமாக இருந்தது. இப்பின்னணியிலேயே சோழனது செயலின் அருமை விளங்கும். தேரும் களிறும் உடைய குடியில் பிறந்தவன், அவை எவையும் உதவாத களத்தில், தன் தோளையன்றிப் பிறிதொன்றும் இல்லாதவனாய் இறங்கினான்.

எதிரி ஆமூரின் பெயர்பெற்ற மல்லன். போரின் நுட்பத்தைச் சாத்தந்தையார் இரண்டு கால்களின் நிலையால் உணர்த்துகிறார். ஒரு கால் மண்டியிட்டு மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்து முதுகின் புறத்தே வளைந்து நிற்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோலத் தலையும் காலும் ஆகிய இருபுறமும் முரியும்படி மோதி வென்றான் என்பது உவமை. மற்போர் பயின்றோர்க்கு இது வெற்றுப் புகழ்ச்சியாகத் தோன்றாது. வீழ்த்திய பின்னும் பிடி தளராது அடக்கும் நிலை அது. அடுத்துவரும் உவமை இன்னும் அரிது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, மனைவி பிள்ளைப்பேற்று நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டில் பின்னும் தொழிலாளி வார் கோத்துச் செலுத்தும் ஊசியின் விரைவே சோழன் கைகளின் விரைவு. அரசனைப் பாடுமிடத்துப் புலவர் அரண்மனை உவமையைத் தேடவில்லை என்பது நோக்கத்தக்கது.

களத்தின் மறுபுறத்தைக் காட்டுபவர் நக்கண்ணையார். கோழி என்பது உறையூர். நாய்கன் என்பது வணிகன். இவர் பாடிய மூன்றும் கைக்கிளைத் திணையின. கருந்தாடி முளைத்த அவ்விளைஞன்பால் கொண்ட காதலால் வளை நெகிழ்கிறது, தாயை அஞ்சுகிறார், அவையோர் முன் அவனைத் தழுவ நாணுகிறார். கூழுண்டும் பெருந்தோளனாய் அவன் இருக்க, அருகே வாழ்ந்தும் தாம் பொன்னிறப் பசலை பூத்ததைச் சொல்லும் பாடலில், செருக்கிய வீரர்க்கு அவன் உப்பு வணிகர் கடக்க அஞ்சும் துறை போன்றவன் என்கிறார். ஊரும் நாடும் அவனுடையன அல்ல ஆதலின், வெற்றி அவனது என்பாரும் அன்று என்பாருமாகக் கூட்டம் பிளவுபட்டு நின்றதைத் தெளிவாகக் கூறுபவரும் இவரே. சிலம்பொலிக்க ஓடி, முழவு போன்ற அடியுடைய பனையைச் சார்ந்து நின்று அவன் வென்றதை இவர் கண்டார்.

81ஆம் பாடல் வேறொரு கட்டத்தைச் சேர்ந்தது போலும். அங்கே கடலினும் பெரிய ஆரவாரமும் இடிபோல் முழங்கும் களிறுகளும் உள்ளன. மள்ளன் என்னும் பெயர் ஆத்திமாலை சூடியவனுக்கு வழங்குகிறது. ஆத்தி சோழர் கண்ணி.  போர்வை என்னும் ஊருக்கு அவன் கோவானதைப் பெயரின் முன்னொட்டு காட்டுகிறது. உறையூர் அரியணையில் அவனை அமர்த்திப் பாடிய பாட்டு ஒன்றும் தொகையில் இல்லை.