திரவத்தில் ஒழுங்கு கண்ட தீரர்

விண்மீன்களை ஆராய்ந்து 1983-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரை நாம் அனைவரும் அறிவோம். அதே குடும்பத்தில், அதே பெயருடன், அதே ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான மற்றொரு சந்திரசேகரும் இருந்தார் என்பதைப் பலர் அறியார். சர் சி. வி. இராமனுக்கு முன்னவர் அண்ணன் மகன். பின்னவர் சகோதரி மகன். அந்தப் பின்னவராகிய சிவராமகிருஷ்ண சந்திரசேகரின் வரலாற்றைத் தோழியருக்குக் கூற விழைகிறோம்.

இவர் 1930 ஆகஸ்டு 6-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் தம் மாமா இராமனிடம் ஆராய்ச்சி மாணவரானார். பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் இரண்டாம் முறையாக டாக்டர் பட்டம் பெற்றார். 1961-இல் தாயகம் திரும்பி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு முதல் தலைவரானார். புதிய துறையில் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே அமைக்க வேண்டியிருந்தது. அங்குதான் அவர் திரவப் படிகங்களை ஆராயத் தொடங்கினார்.

திரவப் படிகம் என்பது யாது? 1888-இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் ரைனிட்சர் ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145 பாகை அளவில் உருகிக் கலங்கல் நீர்மமாயிற்று. 178 பாகை அளவில்தான் தெளிந்தது. அந்தக் கலங்கல் நிலையே திரவப் படிகம். குளச்சல் கடலில் நங்கூரமிட்ட வள்ளங்களைப் பாருங்கள். அலையில் ஓயாமல் அசைந்தாலும், காற்றடிக்கும் திசை நோக்கி ஒரே முகமாய் நிற்கின்றன அல்லவா? அவ்வாறே அதன் மூலக்கூறுகளும் ஓடிக்கொண்டே ஒழுங்கு காக்கின்றன.

ஏறத்தாழ 90 ஆண்டுகளாக, குச்சி போன்ற மூலக்கூறுகளுக்கே இந்த இயல்பு உண்டு என்று பெரும்பாலோர் கருதினர். தட்டுப் போன்றவை ஏன் ஒழுங்குறக் கூடாது என்பதே சந்திரசேகரின் வினா. 1969-இல் அவருடைய தம்பியும் ஒளியியல் மேதையுமான பஞ்சரத்தினம் 35 வயதில் மறைந்தார். 1970-இல் இராமனும் மறைந்தார். மறு ஆண்டே, மாமா நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆய்வுக்கூடத்தைத் தொடங்கும் பொறுப்பு இவரை வந்தடைந்தது. அங்கே 1977-இல், சதாசிவா, சுரேஷ் என்னும் இருவருடன் சேர்ந்து விடை கண்டார். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு கிளைகள் கொண்ட தட்டு மூலக்கூறுகள், நாணயங்களை அடுக்கினாற்போல் தூண்தூணாய் நிற்பதை எக்ஸ் கதிர்கள் காட்டின. அந்த அரிய செய்தி முதலில் வெளிவந்தது நம் நாட்டு இதழாகிய 'பிரமாணா'விலேதான் என்பது நமக்குப் பெருமையன்றோ!

மறு ஆண்டில் ஜெர்மனியில் ஃபிங்கல்மான், ரிங்ஸ்டார்ஃப் முதலியோர் வேறொரு முடிச்சை அவிழ்த்தனர். பாலிமர் என்பது நெடுஞ்சங்கிலி மூலக்கூறு. அதன் பக்கங்களில் விறைப்பான குச்சிகளைப் பொருத்தினால் அவை ஒழுங்குறுமா? கயிற்றில் ஈர்க்கில்களை இறுகக் கட்டினால், கயிறு நெளியுந்தோறும் அவையும் தாறுமாறாகும். சிறு நூலால் தொங்கவிட்டாலோ, கயிறு தன் போக்கில் நெளியும். ஈர்க்கில்களும் தம்முள் வரிசைப்படும். அத்தகைய நெகிழ்ந்த இணைப்பையே அவர்கள் இடையில் வைத்தனர். சந்திரசேகரின் தட்டுகளும் பின்னாளில் பாலிமர்களில் இடம்பெற்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரையில் படம் தெளிவாய்த் தெரிய உதவும் மென்படலம் தட்டு மூலக்கூறுகளால் ஆனதே.

1990-இல் ஓய்வு பெற்றும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மறு ஆண்டில் பெங்களூரில் திரவப் படிக ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். 1998-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2004 மார்ச்சு 8-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

தோழியரே! கட்டுப்பாடு என்றாலே விறைத்து நிற்பது என்று நாம் எண்ணுகிறோம். ஓட்டமும் ஒழுங்கும் ஒன்றாய் வாழ முடியும் என்பதைத் திரவப் படிகம் காட்டுகிறது. பலரும் ஏற்றுக்கொண்டதாலேயே ஒரு கருத்து முடிந்த முடிவாகிவிடாது என்பதைச் சந்திரசேகரின் வாழ்வு காட்டுகிறது. வகுப்பில் 'ஏன் கூடாது?' என்று பணிவோடு கேட்க நாமும் பழகுவோமாக!