ஏ. கே. செட்டியார்: பயண எழுத்தின் தொழில்நெறி

பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை நீங்கலாக உள்ள ஆற்றுப்படைகளில், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வள்ளல் வாழும் ஊருக்குரிய வழியைச் சொல்கிறான். நிலமும் உணவும் மக்களும் அவ்வழியில் விரிவாகப் பேசப்படுகின்றன. எனினும் வழிச்செய்தியும் புகழ்ச்சியும் அங்குப் பிரிக்கவொண்ணாதவை. வழிகாட்டுவோன் வள்ளலின் கொடையை உண்டவன். இருபதாம் நூற்றாண்டில் பயண எழுத்து இதழையும் அச்சையும் சார்ந்து வளர்ந்தபோது, எழுதுவோன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்னும் வினா வேறொரு வடிவில் எழுந்தது. அவ்வினாவிற்கான விடையை இலக்கணமாக வகுத்துரைக்காமல் தம் செயல்முறையாலேயே அளித்தவர் ஏ. கே. செட்டியார். அவர் வாழ்வு உலகம் சுற்றியவரின் சாதனைக் கதையாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. பயண எழுத்துக்கு எத்தகைய பயிற்சியும் கட்டுப்பாடும் வேண்டும் என்பதற்கான சான்றாகவும் அவ்வாழ்வைக் காண இடமுண்டு.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் கருப்பன் செட்டியார். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கொண்டுவிக்கப் போவது நகரத்தாரிடையே தலைமுறை வழக்கமாக இருந்த காலம் அது. அவரும் பர்மா சென்றார். ஆனால் இரங்கூனில் அவர் மேற்கொண்டது வட்டித்தொழில் அன்று, 'தனவணிகன்' இதழின் ஆசிரியப் பொறுப்பு. இதழாசிரியப் பணி பயண எழுத்துக்கு முற்பட்டது என்பது கருதத்தக்கது. பிறர் அனுப்பும் செய்தியை ஐயுற்று நோக்கவும், வேண்டாதன களையவும், குறித்த நாளில் முடிக்கவும் பழக்கும் பணி அது. பின்னாளில் அவர் நடையில் காணப்படும் சிக்கனத்திற்கு இப்பழக்கமே வித்து எனலாம். பேரேடும் ஐந்தொகையும் பிழையற எழுதிய வணிக மரபின் சாயலையும் அதில் காண்பது பொருத்தமற்றதாகாது. ஆயினும் இஃது ஊகமே.

அடுத்து அவர் தேர்ந்த வழி அக்காலத் தமிழ் எழுத்தாளர்களிடையே அரியது. ஒளிப்படக் கலையை முறையாகக் கற்க ஜப்பான் சென்றார். தோக்கியோவில் பயின்றபின் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் அக்கலையில் பட்டயம் பெற்றார். ஜப்பானில் வாழ்ந்த பட்டறிவு அவருடைய தொடக்கக்காலப் பயண எழுத்துக்குப் பொருளாயிற்று. வந்து போகும் விருந்தினராக அன்றி மாணவராக ஒரு நாட்டில் தங்குவோருக்கு அந்நாட்டின் அன்றாடம் தெரியவரும். அவர் கட்டுரைகளில் அரண்மனைகளைவிடத் தெருவும் கடையும் இரயிலும் மிகுதியாக இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளிப்படக் கருவியும் அவர் எழுத்தில் தன் தடத்தைப் பதித்தது. ஒளிப்படம் எடுப்பவன் காட்சிக்குள் நிற்பதில்லை. செட்டியாரின் உரைநடையிலும் எழுதுவோன் காட்சிக்குப் புறத்தே நிற்கிறான்.

1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு 26 வயது நிறையவில்லை. அந்நாள் காந்தியடிகளின் பிறந்தநாள் என்பதை விதந்து பேசுவோர் உண்டு. அதைவிட முதன்மையானது அவ்வெண்ணம் கோரிய உழைப்பு. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் ஓரிடத்தில் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்தில் நூறளவிலான ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவை அவை. பல நாடுகளில், பலர் கையில் சிதறிக் கிடந்தன. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா எனச் சுமார் ஒரு இலட்சம் மைல் பயணம் செய்து ஏறத்தாழ 50,000 அடி நீளமுள்ள சுருள்களை அவர் திரட்டினார். பேசும்படத்தின் ஓட்டத்தில், அதாவது நிமிடத்திற்கு 90 அடி என்னும் கணக்கில், இது ஒன்பது மணி நேரத்திற்கும் மேற்பட்ட காட்சியாகும். 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியான தமிழ்ப்படத்தின் நீளமோ 12,000 அடி. ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். திரட்டியதில் நான்கில் ஒரு பங்கே மக்கள் பார்வைக்கு வந்தது.

இக்கணக்கு திரைப்பட வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. ஒரு சுருளைப் பெற்றவுடன் அது எந்த ஆண்டுக்குரியது, எந்த நிகழ்ச்சியைக் காட்டுவது, உடனிருப்பவர் யாவர் என்று உறுதிசெய்தாக வேண்டும். உறுதிப்படாத காட்சி எத்துணை அழகியதாயினும் ஆவணப்படத்திற்கு உதவாது. பயணக் கட்டுரைக்கும் இவ்வளவை பொருந்தும். கண்டதில் பெரும்பகுதியை விட்டுவிடும் துணிவு செட்டியாரின் பயண நூல்களில் வெளிப்படையாகத் தெரிகிறது. அதே 1940இல் வெளிவந்த 'உலகம் சுற்றும் தமிழன்' நூலின் வாக்கியங்கள் சிறியன. வருணனை குறைவு, செய்தி மிகுதி, இடையிடையே மெல்லிய நகைச்சுவை.

நூல் தலைப்பிலேயே அவருடைய நெறியின் ஒரு கூறு உண்டு. சுற்றுபவர் அதில் 'தமிழன்' எனப் பொதுப்பெயரால் சுட்டப்படுகிறார். தம்மைப் பற்றிய விளம்பரத்தைச் செட்டியார் விரும்பாதவர் என்பது அவரை அறிந்தோர் பலரும் கூறிய செய்தி. பயணத்தின் இடர்களைப் பெருக்கிக் காட்டித் தம்மைத் தலைவனாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குப் பலமுறை வாய்த்தது. அதனை அவர் நாடவில்லை. இதில் இழப்பும் இல்லாமலில்லை. ஓரிடம் அவருள் எழுப்பிய உணர்வு யாது என்று தேடும் வாசகர் பல பக்கங்களில் வெறுங்கையோடு திரும்ப நேரும். சில கட்டுரைகள் தகவல் தொகுப்பாகவே நின்றுவிடுகின்றன என்னும் குறையையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கயானா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் குடியேறிய தமிழர் வழித்தோன்றல்களைப் பற்றி அவர் எழுதியவை இன்று புலம்பெயர்வு ஆய்வுக்குத் துணைநிற்பது அந்த அடக்கத்தினாலேயே. எழுதுவோனின் உணர்ச்சி முந்தியிருப்பின், அம்மக்களின் பேச்சும் பெயரும் வழிபாடும் அதன் நிழலில் மறைந்திருக்கும்.

'மலேயா முதல் கனடா வரை', 'கயானா முதல் காஸ்பியன் கடல் வரை' எனத் தொலைவை அளக்கும் தலைப்புகளுக்கிடையே 'குடகு' என்னும் நூலும் இருக்கிறது. அண்டை மலைநாட்டுக்கும் அவர் தனிநூல் ஒதுக்கினார். தொலைவைக் கொண்டு பயணத்தின் தகுதியை அவர் மதிப்பிடவில்லை. பயண எழுத்தில் தொழில்முறையாக ஈடுபட விழைவோர் கடல்கடந்த நாடுகளையே நாடும் இக்காலத்தில் இந்நூல் போதிய கவனம் பெறாதது வியப்பன்று.

1943இல் 'குமரி மலர்' தொடங்கினார். அவர் வாழ்வின் எஞ்சிய நாற்பது ஆண்டுகளும் அவ்விதழோடு பிணைந்தவை. பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்திருந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து அதில் மறுபதிப்புச் செய்தார். அயல்நாடுகளில் படச்சுருள் தேடியவர் இப்போது நூலகங்களில் பழந்தாள்களைத் தேடினார். தமக்கு முற்பட்ட தமிழர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கியமை இப்பணிகளுள் தலையாயது. தாமே பயண எழுத்தின் முன்னோடி என்று புகழப்பட்ட ஒருவர், தமக்கு முன்னோடிகள் பலர் இருந்தனர் என்பதைத் தம் கைப்படவே நிறுவினார். மாட்டுவண்டியிலும் புதிதாக வந்த இரயிலிலும் தமிழகத்தில் பயணம் செய்தோரின் எழுத்து அத்தொகுப்பினால் ஆய்வுலகிற்குக் கிட்டியது. பயண எழுத்தாளன் தன் துறையின் பழைய எழுத்தைக் கற்றிருத்தல் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

காந்தியடிகள் படம் உருவான வரலாற்றையும் குமரி மலரிலேயே அவர் எழுதினார். 1983இல் அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்து, 2003இல், அக்கட்டுரைகள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என நூலாயின. படத்தின் ஆங்கில வடிவம் பின்னர் சான்பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1940இல் சென்னை மக்கள் கண்ட தமிழ் வடிவம் அவ்வாறு மீளவில்லை.