காலத்தை அளந்த கைவினைஞர் ஏரன் டெனிசன்

கடிகாரமும் துப்பாக்கியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் கேட்போர் வியப்படைவர். ஒன்று வாழ்நாளை அளப்பது. மற்றொன்று வாழ்நாளை முடிப்பது. ஆயினும் கைவினை வரலாற்றில் இவ்விரண்டிற்கும் உள்ள உறவு மறுக்கவொண்ணாதது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றிய சக்கர விசைத் துப்பாக்கியை நோக்கினால் இது விளங்கும். அதன் சக்கரத்தைச் சாவியால் முறுக்குவர். சிறு சங்கிலியொன்று சக்கரத்தை வில்லோடு பிணைத்திருக்கும். விசையை விடுவித்ததும் சக்கரம் சுழன்று தீப்பொறியை எழுப்பும். சாவி, வில், சங்கிலி, சக்கரம் ஆகிய இந்நான்குமே பழங்காலக் கடிகாரத்தின் உறுப்புகளும் ஆகும். ஜெர்மானிய நகரங்களாகிய நியூரம்பர்க்கும் ஆக்ஸ்பர்க்கும் இரு தொழிலிலும் ஒருங்கே புகழ் பெற்றிருந்தன. எஃகைப் பதமாக்கி வில் செய்தல், அரத்தால் இழைத்தல், பொன்னிலும் வெள்ளியிலும் செதுக்குளியால் கொடி இழையோட்டல் ஆகியவை இரு பட்டறைகளுக்கும் பொதுவான கலைகள். இவ்வுறவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கடிகாரத் தொழிலின் போக்கையே மாற்றியவர் ஏரன் லஃப்கின் டெனிசன் ஆவார்.

பிறப்பும் பயிற்சியும்

டெனிசன் 1812ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஃபிரீபோர்ட்டில் பிறந்தார். தந்தையார் ஆண்ட்ரு டெனிசன் காலணி தைக்கும் தொழிலாளர். வறுமை இல்லத்தை விட்டகலாத காலம் அது. சிறுவனாக இருந்தபோதே ஏரன் கூலி வேலைகள் செய்தார். தந்தையாரின் பட்டறையிலும் உதவினார். 1830இல், தம் பதினெட்டாம் அகவையில், பிரன்சுவிக் நகரில் ஜேம்ஸ் கேரி என்னும் கடிகார வினைஞரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். அதே காலத்தில் அச்சிற்றூரின் போடன் கல்லூரியில் இளம் பேராசிரியராகப் பணியாற்றியவர், பின்னாளில் பெருங்கவிஞராக விளங்கிய லாங்ஃபெல்லோ.

1833இல் டெனிசன் பாஸ்டன் நகருக்குச் சென்று நகை வணிகர்களிடம் கடிகாரம் பழுது பார்க்கும் பணியை ஏற்றார். அந்நாளில் அமெரிக்கர் பயன்படுத்திய பைக்கடிகாரங்களிற் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தவை. நாள்தோறும் அவற்றைப் பிரித்துப் பார்த்த டெனிசன் ஓர் உண்மையைக் கண்டார். உயர்ந்த விலையுள்ள கடிகாரங்களிலும் ஒன்றின் திருகாணி மற்றொன்றில் பொருந்தாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கைகளின் பிள்ளை. உறுப்பொன்று ஒடிந்தால் அதற்கெனவே புதிதாகச் செய்தல் வேண்டும். அளவில் ஒழுங்கின்மையே குறை எனத் தெளிந்த அவர், முதன்மை வில்லின் கனத்தை அளக்க ஓர் அளவுகருவியை அமைத்தார். அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

படைக்கலச் சாலையில் கண்ட காட்சி

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் அமெரிக்க அரசின் படைக்கலச் சாலை இருந்தது. துப்பாக்கியின் மரக்கட்டையைக் கடைய தாமஸ் பிளான்சர்டு அமைத்த இயந்திரம் அங்கே புகழ் பெற்றது. ஒவ்வோர் உறுப்பையும் மூல அளவோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே முதிர்ந்திருந்தது. 1842ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி, எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் மாற்றிப் பொருத்தும் நிலையை எட்டியது. 1840களில் அச்சாலைக்குச் சென்ற டெனிசன் இதனைக் கண்ணுற்றார். துப்பாக்கிக்கு இயலுவது கடிகாரத்திற்கு ஏன் இயலாது என்னும் வினா அவருள்ளத்தில் வேரூன்றியது.

1843இல் புதுமணத் துணைவியோடு அந்நகருக்குச் சென்ற லாங்ஃபெல்லோவும் அங்கே அடுக்கிய துப்பாக்கிகளைக் கண்டார். ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையைப் பற்றிய அவருடைய போரெதிர்ப்புக் கவிதை அக்காட்சியிலே பிறந்தது. அவ்வரிசைகள் கவிஞருக்குச் சாவின் இசைக்கருவியாகத் தோன்றின. கைவினைஞருக்கோ நேர்த்தியின் இலக்கணமாகத் தோன்றின. கவிஞர் அக்கருவியின் பயனை எண்ணி வருந்தினார். கைவினைஞர் அதன் முறையைப் பிரித்தெடுத்து, உயிரைப் போக்காத வேறொரு கருவிக்கு அளித்தார்.

ஆக்கமும் வீழ்ச்சியும்

டெனிசனின் எண்ணத்தைப் பலர் நகையாடினர். பாஸ்டன் பித்தர் என்றும் அழைத்தனர். சுவர்க்கடிகாரமும் தராசும் செய்து வந்த எட்வர்டு ஹோவர்டு மட்டும் செவி சாய்த்தார். சாமுவேல் கர்ட்டிஸ் என்பவர் பொருளுதவி செய்ய, 1850இல் ராக்ஸ்பரியில் ஆலை எழுந்தது. முதலில் எட்டு நாள் ஓடும் கடிகாரத்தை முயன்றனர். அது செம்மையுறாமையால் கைவிட்டனர். துப்பாக்கியின் உறுப்புப் பெரிது. சிறு பிழையை அது பொறுக்கும். கடிகாரத்தின் அச்சாணி மயிரிழைப் பிழையையும் பொறுக்காது. வேண்டிய இயந்திரங்களையும் அவர்களே படைக்க வேண்டியிருந்தது. தொடக்க ஆண்டுகளில் உறுப்புகளைக் கையால் ஒத்துப் பார்த்துப் பொருத்தும் பணி முற்றும் நீங்கவில்லை.

1854இல் ஆலை சார்லஸ் ஆற்றங்கரையிலுள்ள வால்தாமுக்கு மாறியது. 1857இல் நிறுவனம் நொடித்தது; கடிகார வணிகர் ராயல் ராபின்ஸ் அதனை ஏலத்தில் எடுத்தார். டெனிசன் தாம் தோற்றுவித்த ஆலையிலேயே ஊதியம் பெறும் மேற்பார்வையாளரானார். 1861இன் இறுதியில் அப்பணியையும் இழந்தார்.

அவர் வெளியேறிய வேளையில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. வில்லியம் எல்லரி எனப் பெயர் பொறித்த வால்தாம் கடிகாரங்களை வடபுலப் போர்வீரர்கள் பெருந்தொகையாக வாங்கினர். குடியரசுத் தலைவர் லிங்கனிடமும் அவ்வகைக் கடிகாரம் ஒன்று இருந்தது. அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. போர்வீரனின் தோளில் ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கி. சட்டைப்பையில் வால்தாம் கடிகாரம். ஒரே முறையின் இரு கிளைகள் ஒரே உடம்பில் கூடின. அவற்றைக் கூட்டுவித்தவரோ ஆலைக்குப் புறத்தே நின்றார்.

1864இல் டெனிசன் டிரெமாண்ட் கடிகார நிறுவனத்தில் பங்கேற்றார். நுண்ணிய உறுப்புகளைச் சுவிட்சர்லாந்தின் சூரிக்கிலிருந்து தருவித்து பாஸ்டனில் பொருத்துவது அவர் திட்டம். உடனிருந்தோர் அவர் கருத்தை மீறி, 1866இல் மெல்ரோசில் ஆலை அமைத்தனர். 1868இல் அதுவும் மூடப்பட்டது.

பர்மிங்காம் வாழ்வு

பின்னர் டெனிசன் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் குடியேறினார். அந்நகரில் துப்பாக்கிக் கொல்லர் தெருக்களும் பொற்கொல்லர் தெருக்களும் அருகருகே அமைந்துள்ளன. ஸ்பிரிங்பீல்டின் முறை அவருக்கு முன்பே அங்கே சென்றிருந்தது. 1850களில் ஆங்கில அரசு என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. 1861இல் பர்மிங்காம் துப்பாக்கி வினைஞர்களும் ஒன்றுகூடி இயந்திர ஆலை ஒன்றை நிறுவினர். இச்சூழலில் 1874இல் டெனிசன் கடிகாரக் கூடு செய்யும் தொழிலைத் தொடங்கினார். பொன்னும் வெள்ளியும் கொண்டு செய்த அக்கூடுகள் நிலைத்த ஆக்கம் தந்தன. அவர் மகன் ஃபிராங்க்ளின் அதனைத் தொடர்ந்தார். இருபதாம் நூற்றாண்டில் ரோலெக்ஸ், ஒமேகா முதலிய உயர்வகைக் கடிகாரங்களுக்கும் கூடு அளித்த அந்நிறுவனம் 1967இல் மூடப்பட்டது. 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள் டெனிசன் பர்மிங்காமில் மறைந்தார்.

எஞ்சிய புகழ்

1876இல் பிலடெல்பியாவில் நடந்த பெருங்கண்காட்சியில் வால்தாம் கடிகாரங்களைக் கண்ட சுவிட்சர்லாந்து நாட்டினர் திகைத்தனர். ஜாக் டேவிட் என்னும் பொறியாளர் அமெரிக்க ஆலைகளை ஆராய்ந்து தம் நாட்டாருக்கு எச்சரிக்கை அறிக்கை அளித்தார். அதன்பின் சுவிட்சர்லாந்து, இயந்திரத்தின் ஒழுங்கை ஏற்றுக்கொண்டு, மெருகூட்டலையும் செதுக்கு வேலையையும் கைக்கே விட்டது. இன்றைய உயர்தரக் கடிகாரத்தின் சிறப்பு இவ்விணைப்பில் உள்ளது. உயர்தர வேட்டைத் துப்பாக்கிகளிலும் இயந்திரம் வடித்த எஃகின் மேல் கைச்செதுக்கு மிளிர்வதைக் காணலாம்.

டெனிசன் தொடங்கிய கடிகார ஆலைகள் எவையும் அவர் கையில் நிற்கவில்லை. அவர் கண்ட அளவு நின்றது. யாப்பின் அளவு பொதுவாயினும் பாட்டு ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. அளவு கையைக் கட்டுவதில்லை, அதன் ஆற்றல் வெளிப்பட இடம் தருகிறது. படைக்கலச் சாலையில் நின்று கொலைக்கருவியை மட்டும் காணாமல், அதனுள் உறைந்த ஒழுங்கைக் கண்டு காலத்தின் பணிக்கு ஆற்றுப்படுத்தியமையே ஏரன் டெனிசனின் வாழ்நாட் பணியாகும்.