விளக்கெண்ணெயால் பிரபு ஆனவர்

விளக்கெண்ணெய் என்றதும் பலருக்கு முகம் சுளிக்கும். பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய ஞாபகம் வரும்!

அந்த விளக்கெண்ணெயால் ஒருவர் பெரும் செல்வம் சேர்த்தார். லண்டன் மாநகரத்தின் மேயர் ஆனார். பிரபுப் பட்டம் பெற்றார். உலகத்திலேயே வேகமான படகைக் கட்டிக் கொடுத்தார்.

அவர் பெயர் சார்லஸ் வேக்பீல்ட்.

பெயர் புதிதாக இருக்கிறதா? மோட்டார் பட்டறைகளில் 'காஸ்ட்ரால்' என்று எழுதிய டப்பாக்களைப் பார்த்திருப்பீர்களே! அந்த எண்ணெயை உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான்.

வண்டி மசகு

என்ஜினுக்கு எண்ணெய் எதற்கு? முதலில் அதைப் பார்ப்போம்.

தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி இருக்கிறது. சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். லாரிகள் வருவதற்கு முன்னால் வாழைத்தார்கள் மாட்டு வண்டியில்தான் போகும். வண்டிக்கு அடியில் ஒரு மசகுக் குழாய் தொங்கும். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை அதில் இருக்கும்.

அச்சுக்கு மசகு போடாவிட்டால் என்ன ஆகும்? சக்கரம் 'கிரீச்' என்று ஊரைக் கூட்டும். மாடுகள் திணறும். அச்சு தேய்ந்து, வண்டி நடு வழியில் நின்று விடும்.

பெட்ரோல் என்ஜினும் இப்படித்தான். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உராயும். சூடு ஏறும். கடைசியில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக் கொள்ளும். என்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டது என்று மெக்கானிக் கையை விரிப்பார்.

கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். நடுக்கடலில் படகு நின்றால் யார் இறங்கித் தள்ளுவது?

எட்டுப் பேருடன் துணிச்சல்

வேக்பீல்ட் 1859-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகத்தில் பிறந்தார். தகப்பனார் சுங்க இலாகா உத்தியோகஸ்தர். பையன் படிப்பை முடித்ததும் எண்ணெய் வியாபாரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் லண்டன் கிளையில் நல்ல உத்தியோகம் கிடைத்தது.

நாற்பது வயது நெருங்கும் நேரம். கை நிறையச் சம்பளம். வேறு ஒருவராக இருந்தால் அதோடு திருப்தி அடைந்திருப்பார். இவரோ வேலையை விட்டு விட்டார்! கூட வேலை பார்த்த எட்டுப் பேரைச் சேர்த்துக் கொண்டு, 1899-ல் லண்டனில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்.

முதலில் ரெயில் என்ஜின்களுக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்றார். அப்போதுதான் மோட்டார் காரும் ஆகாய விமானமும் தலையெடுத்தன. ரெயிலுக்கு உகந்த எண்ணெய் இவற்றுக்கு உதவவில்லை. காலையில் என்ஜினைக் கிளப்பும்போது எண்ணெய் இளகி ஓட வேண்டும். என்ஜின் கொதிக்கும்போது தண்ணீராகி விடவும் கூடாது. ஒரே எண்ணெய் இரண்டு குணமும் காட்ட வேண்டும்!

வழி காட்டியது ஆமணக்கு. எவ்வளவு சூட்டிலும் உலோகத்தை விட்டு நழுவாத பிடிப்பு விளக்கெண்ணெய்க்கு உண்டு. அதை அளவாகச் சேர்த்துப் புது எண்ணெய் தயாரித்தார்கள். ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் 'காஸ்டர் ஆயில்' என்று பெயர். அதைச் சுருக்கி, 1909-ல் 'காஸ்ட்ரால்' என்று பெயர் சூட்டினார்கள்.

முதல் உலகப் போர் 1914-ல் மூண்டது. அந்தக் காலத்துப் போர் விமானங்கள் பலவற்றில் என்ஜினே சுழலும். பெட்ரோலும் எண்ணெயும் அதில் ஒன்றாகப் பாயும். சாதாரண எண்ணெயைப் பெட்ரோல் கரைத்து விடும். விளக்கெண்ணெய் லேசில் கரையாது. ஆகவே விமானங்களுக்கு விளக்கெண்ணெய்தான்! என்ஜின் கக்கிய எண்ணெய்ப் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிற்றைக் கலக்கி விடுமாம். பாட்டி வைத்தியம் ஆகாயத்திலும் பலித்திருக்கிறது!

போர் நடந்து கொண்டிருக்கும்போதே, 1915-ல், வேக்பீல்ட் லண்டன் மேயர் ஆனார்.

வேகத்துக்குப் பணம்

எண்ணெய் நல்லது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? சாதனை செய்பவர்களுக்கு அவர் பணத்தை அள்ளிக் கொடுத்தார். எமி ஜான்சன் என்ற இளம் பெண் 1930 மே மாதம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் சென்றார். கராச்சி, ஜான்சி, கல்கத்தா வழியாகப் பறந்தார். அந்த விமானம் வாங்கிய பணத்தில் பாதி வேக்பீல்ட் கொடுத்தது. இதில் விளம்பர ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் விளம்பரத்துக்காக மட்டும் ஒருவர் இவ்வளவு செலவு செய்வாரா என்பது சந்தேகமே.

அடுத்தது படகு.

ஹென்றி சீக்ரேவ் பெயர் போன மோட்டார் பந்தய வீரர். 1929-ல் மணிக்கு 231 மைல் வேகத்தில் கார் ஓட்டி உலக சாதனை செய்தவர். தண்ணீரிலும் சாதனை செய்ய அவருக்கு ஆசை. வேக்பீல்ட் பணம் போட்டார். 'மிஸ் இங்கிலாந்து-2' என்ற படகு தயாராயிற்று. படகின் உள்ளே இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் பெட்ரோல் என்ஜின்கள். பந்தய விமானத்துக்காகச் செய்யப்பட்ட ராட்சத என்ஜின்கள்!

1930 ஜூன் 13. வின்டர்மியர் ஏரி.

சீக்ரேவ் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 98.76 மைல், அதாவது சுமார் 159 கிலோ மீட்டர். உலக சாதனை! அதோடு கரைக்குத் திரும்பியிருக்கலாம். மூன்றாவது தடவையும் படகைத் திருப்பினார். பாய்ந்து சென்ற படகு திடீரென்று கவிழ்ந்தது. தண்ணீரில் மிதந்த மரக்கட்டை மோதியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. உடன் இருந்த என்ஜினியர் ஹாலிவெல் இறந்தார். சீக்ரேவ் சில மணி நேரம் உயிரோடு இருந்தார். சாதனை கிடைத்து விட்டது என்று தெரிந்து கொண்ட பின் கண்ணை மூடினார். வயது 33.

என்ஜின் ஏமாற்றவில்லை. எண்ணெயும் ஏமாற்றவில்லை. ஒரு கட்டை!

மூழ்கிய படகை வெளியே எடுத்துப் பழுது பார்த்தார்கள். இரண்டு உயிரைக் குடித்த படகை மறுபடியும் ஓட்டலாமா? எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. ஆனால் கே டான் என்ற வீரர் அதில் ஏறினார். 1931-ல் 110 மைல் வேகத்தைத் தாண்டினார்.

உங்கள் படகுக்கு எது?

அப்படியானால் படகு என்ஜினுக்கு விளக்கெண்ணெய் விடலாமா? கூடாது! பந்தயம் முடிந்ததும் பிரித்துத் துடைக்கிற என்ஜினுக்குத்தான் அது சரி. நாள் கடந்தால் பிசின் மாதிரி உறைந்து ஒட்டிக் கொள்ளும். சாதாரண என்ஜின் எண்ணெயோடு சேரவும் சேராது. பிற்காலத்தில் மருந்துச் சரக்குகள் சேர்த்த பெட்ரோலிய எண்ணெய்கள் அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டன.

தூத்துக்குடி விசைப்படகுகளில் பெரும்பாலும் டீசல் என்ஜின்தான். உள்ளே பெட்ரோல் என்ஜின் வைத்த படகுக்குக் கார் எண்ணெய் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். கார் சமதரையில் சுகமாக ஓடும். படகு அப்படி அல்ல. எப்போதும் மேட்டில் ஏறும் கார் மாதிரி இழுத்துக் கொண்டே இருக்கும். பிறகு வாரக்கணக்கில் உப்புக் காற்றில் சும்மா கிடக்கும். உள்ளே ஈரம் கோத்துத் துரு ஏறும். ஆகவே துருவைத் தடுக்கும் சரக்கு அதிகம் சேர்த்த படகு எண்ணெயே ஏற்றது. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின் என்றால் டப்பாவில் 'எப்.சி.-டபிள்யூ' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு கனமான எண்ணெய் என்பதை, என்ஜினோடு வந்த புத்தகம் சொல்லும். கடைக்காரர் சொல்வதை அதற்கு அப்புறம் கேட்கலாம்.

அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் ஆபத்து! உள்ளே தண்ணீர் புகுந்து விட்டது. அன்றைக்குப் படகை எடுக்காதீர்கள். சாதாரணமாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவையோ, வருஷத்துக்கு ஒரு தடவையோ எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அது.

வாரிசு இல்லை

சீக்ரேவ் இறந்த அதே 1930-ல் வேக்பீல்ட் பிரபு ஆனார். சம்பாதித்ததில் பெரும் பங்கைத் தருமங்களுக்குக் கொடுத்தார். 1941 ஜனவரி 15-ந் தேதி காலமானார். மகன் இல்லாததால் பட்டம் அவரோடு முடிந்தது.

சிறுவர்களும் பெரியவர்களும் செய்யும் பொம்மை விமானங்களுக்காக 1928-ல் அவர் ஒரு கோப்பை கொடுத்தார். 'வேக்பீல்ட் கோப்பை' என்று பெயர். அந்த விமானங்களுக்கு என்ஜின் கிடையாது. முறுக்கிய ரப்பர்தான் விசை. முறுக்கும்போது அறுந்து விடாமல் இருக்க, அந்த ரப்பருக்கும் வழுவழுப்பாக ஒரு பூச்சு தடவுகிறார்கள்!