ராய் பிளங்கெட்டும் ஒட்டாத தோசைக்கல்லும்

பழைய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்துப் பல நாள் பழக்கினால்தான் தோசை ஒழுங்காக எழும். அத்தகைய பொறுமை இப்போது குறைந்துவிட்டது. ஓடைப்பட்டி போன்ற திராட்சை விளையும் சிற்றூர்களின் அடுக்களைகளுக்கும் நான்ஸ்டிக் தவா வந்துவிட்டது. கூடவே, அது புற்றுநோய் தரும் என்ற அச்சமும் கைப்பேசி வழியே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அச்சத்தில் உண்மை எவ்வளவு என்று அறிய விரும்புவோருக்கு, அந்தப் பூச்சுப் பொருளைக் கண்டறிந்தவரின் வாழ்க்கை துணைசெய்யும்.

ராய் பிளங்கெட் 1910-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்தார். 1932-இல் அவர் பட்டம் பெற்றபோது நாடே பெருமந்தத்தில் மூழ்கியிருந்தது, வேலை கிடைக்கவில்லை. எனவே மேற்படிப்பில் சேர்ந்து, 1936-இல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய கல்லூரித் தோழர் பால் ஃபிளோரி பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர். பிளங்கெட் அதே ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தில் சேர்ந்து, நியூ ஜெர்சியின் டீப்வாட்டர் ஆய்வகத்துக்குச் சென்றார்.

அவருக்கு இடப்பட்ட பணி, குளிர்பதனப் பெட்டிக்குப் புதியதொரு வாயுவை உருவாக்குவது. சமையல் பாத்திரம் எவர் நினைவிலும் இல்லை. 1938 ஏப்ரல் 6-ஆம் தேதி காலை, உதவியாளர் ஜாக் ரீபோக் ஓர் உருளையின் வால்வைத் திறந்தார். வாயு வரவில்லை. ஆனால், எடை போட்டபோது உருளை நிறைந்திருப்பதாகவே காட்டியது. கசிவு என்றோ பழுது என்றோ ஒதுக்கிவிடாமல், இருவரும் உருளையை அறுத்துப் பார்த்தனர். உள்ளே மெழுகுபோல் வழுவழுப்பான வெண்பொடி இருந்தது. அமிலங்களும் வெப்பமும் அதை எளிதில் அசைக்கவில்லை. எதுவும் அதில் ஒட்டவுமில்லை. அப்போது பிளங்கெட்டுக்கு வயது 27.

போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் அரிக்கும் யுரேனிய வாயுவைத் தாங்கும் அடைப்புகளுக்கு அப்பொருள் பயன்பட்டது. 1945-இல் டெஃப்லான் என்ற வணிகப் பெயர் பதிவாயிற்று. 1950-களின் நடுவில் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார் அதை வாணலியில் ஒட்டவைக்கும் வழியைக் கண்டார்.

கண்டறிந்தவரோ அதற்குள் வேறு பணிக்கு மாறியிருந்தார். 1939 முதல் 1952 வரை பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்மத்தின் உற்பத்தியையும், பின்னர் 1975-இல் ஓய்வுபெறும் வரை ஃபிரியான் குளிர்பதன வாயுக்களின் பிரிவையும் கவனித்தார். அந்த ஈயச் சேர்மம் 1920-களிலேயே டீப்வாட்டர் தொழிலாளர் சிலரின் உயிரைக் குடித்திருந்தது. ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000-ஆம் ஆண்டில்தான் முற்றிலும் விலக்கியது. ஃபிரியான் ஓசோன் படலத்தை அரிப்பதாக 1974-இல் தெரியவந்து, 1987-இல் மாண்ட்ரியால் உடன்படிக்கை உருவாயிற்று. நம் மேட்டூரிலும் அவ்வகை வாயு தயாரான காலம் உண்டு. இவ்விரண்டையும் உருவாக்கியவர் பிளங்கெட் அல்லர்; தாமஸ் மிட்ஜ்லி என்ற மற்றொருவர். எனினும் ஒரே மனிதரின் பணிக்காலத்தில் இம்மூன்றும் அடங்கியிருப்பது, பொருளியல் கற்பித்த எனக்கு வியப்பளிக்கிறது. வாங்குவோர் செலுத்திய விலையில் இவற்றின் முழுச் செலவு ஒருபோதும் சேர்க்கப்படவில்லை.

தவாவுக்கு வருவோம். பூச்சு தன்னளவில் மந்தமானது. உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். ஆபத்து வெப்பத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் வரை அது தாங்கும். அதைக் கடந்தால் சிதையத் தொடங்கும்; 350 பாகையை நெருங்கும்போது சிதைவு வேகமாகும். அந்தப் புகை மனிதருக்குக் குளிர்காய்ச்சல் போன்ற உபாதையைத் தரும். கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். தோசை வார்க்கும் சூடு பொதுவாக இந்த எல்லைக்குக் கீழேதான். ஆனால், வெறும் தவாவை முழுத் தழலில் ஏற்றிவிட்டுத் தேங்காய் துருவப் போனால், சில நிமிடங்களில் எல்லை தாண்டிவிடும். இரும்புக்கல்லில் பழகிய கைகளுக்கு இது புதிய எச்சரிக்கை.

பெருந்தீங்கு நிகழ்ந்தது ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களில். டெஃப்லான் தயாரிப்பில் துணைப்பொருளாக 1951 முதல் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருள், மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது. குடிநீரில் அது இருப்பதை 1980-களிலேயே நிறுவனம் அறிந்திருந்தது, மக்களுக்குச் சொல்லவில்லை. மாடுகளைப் பறிகொடுத்த உழவர் ஒருவருக்காக வழக்கறிஞர் ராபர்ட் பிலாட் 1999-இல் வழக்குத் தொடுத்தபோதுதான் ஆவணங்கள் வெளிவந்தன. பிளங்கெட் 1994 மே 12-ஆம் தேதியே டெக்சாஸில் காலமாகிவிட்டார்.

பின்னர் ஏறத்தாழ 69,000 பேரின் குருதியும் உடல்நிலையும் ஆராயப்பட்டன. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் அந்த வேதிப்பொருளுக்கும் தொடர்பிருக்க வாய்ப்புண்டு என்று அறிவியலாளர் குழு 2012-இல் முடிவுசெய்தது. 2017-இல் 67 கோடி டாலருக்கு வழக்குகள் முடிவுக்கு வந்தன. பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் வகைப்படுத்தியது.

இப்போது கடைகளில் விற்கும் தவாப் பெட்டிகள் பலவற்றில் பிஎஃப்ஓஏ இல்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது அந்த ஒரு பொருளைப் பற்றிய உறுதிமொழி மட்டுமே. அதற்கு மாற்றாக வந்த ஜென்எக்ஸ் என்ற பொருள் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றிலும், அந்த ஆற்றுநீரைக் குடிக்கும் ஊர்களின் குழாய்களிலும் கலந்திருந்த செய்தி 2017-இல் வெளியானது.