ஜெம்பே மேளத்தை உலக மேடைக்கு ஏற்றியவர், சொந்த நாட்டுச் சிறையில் கொல்லப்பட்டது ஏன்? யார் இந்த கெய்ட்டா ஃபோடெபா?

வெறும் கையால் தட்டும் ஜெம்பே மேளத்தை ஏதாவது ஒரு ரீல்ஸிலாவது பார்த்திருப்பீங்க. 1950-க்கு முன்பு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கெய்ட்டா ஃபோடெபா.

1921-ல் கினியாவில், நைஜர் ஆற்றங்கரையில் உள்ள சிகிரியில் பிறந்தார். அந்தப் பகுதி மாண்டிங் மக்களிடம் பாட்டு ஒரு குலத்தொழில். ‘ஜெலி’ குடும்பங்கள்தான் கோரா, பாலஃபோன் வாசித்து அரச வம்சங்களின் கதையைப் பாடும். கெய்ட்டா என்பதோ 13-ம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் குலப்பெயர். அதாவது பாட்டில் புகழப்படும் குலம். பாடும் குலம் இல்லை. ஜெம்பேவுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு பெரிதாகக் கிடையாது. ஆனா அறுவடைக்கு ஒரு தாளம், கல்யாணத்துக்கு வேறு தாளம்.

1948-ல் சட்டம் படிக்க பாரிஸ் போனவரை மேடை இழுத்துக்கொண்டது. ஜெலி குடும்பத்து கிட்டார் கலைஞர் ஃபசெலி கான்ட்டேயோடு சேர்ந்து இயங்கினார். 1950-களின் தொடக்கத்தில் ‘லே பாலே ஆஃப்ரிக்கேன்’ குழுவை உருவாக்கினார். ராத்திரி முழுக்க ஊரே சேர்ந்து ஆடும் ஆட்டம், டிக்கெட் வாங்கியவர்களுக்குச் சில நிமிட ஐட்டமாகச் சுருங்கியது. இடத்தையும் சடங்கையும் பிரித்துவிட்டால் அந்தத் தாளத்துக்கு என்ன அர்த்தம்னு இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனா காலனி ஆட்சியில் தங்கள் கலையைக் காட்டுமிராண்டித்தனம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அது பாரிஸ் மேடையில் கைதட்டல் வாங்கியது சின்ன விஷயம் இல்லை. 1956-ல் அவரது நிகழ்ச்சியைப் பார்த்த ஓர் இளைஞர் கிட்டார் பக்கம் திரும்பினார். பின்னாளில் கிராமி வென்ற மாலியின் அலி ஃபார்க்கா டூரே அவர்தான்.

1957-ல் ஃபோடெபா உள்துறை அமைச்சரானார். 1958-ல் கினியா விடுதலை பெற்றதும் நடனக்குழு தேசியக் குழுவானது. லபே பகுதி மன்னர் அல்ஃபா யாயாவைப் புகழும் பழைய ஜெலி பாட்டின் மெட்டு தேசிய கீதமானது. அதற்கு வடிவம் கொடுத்ததும் ஃபோடெபாதான்.

அடுத்து நடந்தது கசப்பான கதை. அதிபர் செகு டூரே எங்கும் சதி இருப்பதாகச் சந்தேகிக்கத் தொடங்கினார். அரசின் பாதுகாப்பு அமைப்பைக் கட்டியெழுப்பியதில் ஃபோடெபாவுக்கும் பெரிய பங்கு உண்டு; பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். 1969-ல் சதிக் குற்றச்சாட்டு அவர் மீதே திரும்பியது. தலைநகர் கொனாக்ரியில் இருந்த போய்ரோ முகாமில் அடைக்கப்பட்டு, அந்த மே மாதம் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவர் தொடங்கிய குழு, அதே அரசின் தூதராக வெளிநாட்டு மேடைகளில் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.